லிஃப்ட் கிட் போடாமல் ஜிம்னிக்குப் பெரிய டயர் மாட்டுவது எப்படி

லிஃப்ட் கிட் என்பது வண்டியை உயர்த்துவதற்காக மாற்றிப் போடும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட். அது இல்லாமல், கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தொடாமலே மாருதி ஜிம்னிக்குப் பெரிய டயர் மாட்டலாம். எந்த அளவு வரைக்கும் என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் 215/75 ஆர்15 என்பேன். 235/75 ஆர்15 மாட்டி ஓட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், முடியாத காரியம் இல்லை. ஆனால் அந்த அளவுக்குப் போனால் ரிம் மாற்ற வேண்டும், பிளாஸ்டிக் வெட்ட வேண்டும், ஸ்டீயரிங் ஒடிவதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், மலை ஏறும்போது கியரையும் யோசித்துப் போட வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன். தார், ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கும் அளக்கும் முறையும் சரிபார்க்கும் முறையும் இதேதான், எண்கள் மட்டும்தான் மாறும்.

முதலில் கணக்கு. ஜிம்னியோடு வருவது 195/80 ஆர்15. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்றால் சைடு வாலின் (டயரின் பக்கச் சுவரின்) உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. 15 அங்குல ரிம் என்பது 381 மி.மீ. மேலே ஒரு சைடு வால், கீழே ஒரு சைடு வால், நடுவில் ரிம்: மொத்த விட்டம் 693 மி.மீ. இதே கணக்கில் 215/75 ஆர்15 போட்டால் 703.5 வரும், 225/75 போட்டால் 718.5, 235/75 போட்டால் 733.5. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் வண்டியைத் தூக்கும். அப்படிப் பார்த்தால் 215/75 தருவது 5 மி.மீ. சொச்சம், 235/75 தருவது 20 மி.மீ. ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதோடு இந்த 20 சேருகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவுக்குத்தானா செலவு என்று தோன்றும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே கட்டை, அதன் நடுவில் டிஃப்ரன்ஷியல் என்ற பல்சக்கர உருண்டை தொங்குகிறது. லிஃப்ட் கிட் போட்டால் பாடியும் சேஸியும்தான் உயரும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும், டிஃப்ரன்ஷியல் கல்லில் இடிப்பது நிற்காது. அந்த உருண்டையைத் தரையிலிருந்து மேலே கொண்டுபோக டயர் ஒன்றுதான் வழி. அதனால் 20 மி.மீ. சின்னக் கணக்கு இல்லை. அதைவிட முக்கியம், ரோட்டு டயருக்குப் பதிலாக ஏ/டி டயர் (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்தது) வரும்போது கிடைக்கும் ஆழமான பட்டனும் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) கெட்டியான சைடு வாலும். கூர்மையான கல் சைடு வாலில் கீறிவிட்டால் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது, டயரைத் தூக்கித்தான் போட வேண்டும். காட்டுப் பாதையில் வண்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் பட்டனும் சைடு வாலும்தான், உயரம் அதற்கு அப்புறம். 215/75 போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது. பிடிப்பும் பலமும் முழுதாகக் கிடைத்துவிடும், வேறு எதையும் வெட்ட வேண்டியதில்லை. இன்னொரு வசதி, பொலிரோவுக்கும் இதே அளவுதான். எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். கொல்லிமலை அடிவாரத்தில் டயர் கிழிந்து நின்றால் அந்த ஒரு விஷயத்துக்கே நன்றி சொல்வீர்கள்.

ரிம்

பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுகிற விஷயம் இது. ஜிம்னியின் ரிம் 15க்கு 5.5 அங்குல அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம்மில் உட்காரலாம் என்று டயர் கம்பெனிகளே ஒரு வரம்பு போட்டிருக்கின்றன. 215/75 ஆர்15க்கு அது 5.5 முதல் 7 வரை, அதனால் நம் ரிம்மிலேயே போகும், ஓரத்தில்தான் என்றாலும் வரம்புக்குள் இருக்கிறது. 225/75க்கும் 235/75க்கும் 6 அங்குலத்திலிருந்துதான் ஆரம்பம். 5.5 ரிம்மில் 235ஐ ஏற்றித் தருகிற கடைகள் இருக்கின்றன, டயர் ஏறவும் செய்யும். ஆனால் ஓரங்கள் உள்ளே இழுத்து டயர் உப்பிப்போய் நடுப்பக்கம் சீக்கிரம் தேயும், வளைவில் பாடி ஆடும், காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும்போது டயர் விளிம்பு ரிம்மிலிருந்து கழலும் வாய்ப்பும் கூடும். 235 வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் 6 அல்லது 7 அங்குல ரிம்முக்கும் சேர்த்தே பணம் எடுத்து வையுங்கள்.

புது ரிம் வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. ஐந்து நட், 139.7 பிசிடி (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.), பழைய ஜிப்ஸிக்கும் இதேதான், அதனால் ரிம் கிடைப்பதில் சிரமம் இல்லை. அடுத்து நடு ஓட்டை, அது ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தில்) சரியாக உட்கார வேண்டும், அளவு 108 மி.மீ. அதைவிடப் பெரிய ஓட்டை உள்ள ரிம் என்றால் மொத்த எடையும் நட்டிலேயே தொங்கும், அதைத் தவிர்க்கவும். மூன்றாவது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. கம்பெனி ரிம்மின் ஆஃப்செட் பிளஸ் 5. ஆஃப்செட் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளும். 6 அங்குல ரிம்மில் ஆஃப்செட் 0 எடுத்தால் வெளி ஓரம் சுமார் 11 மி.மீ. வெளியே வரும், உள் ஓரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். 7 அங்குலத்தில் 0 எடுத்தால் வெளியே 24, உள்ளே 14. வெளியே தள்ளினால் உள்ளே இருக்கும் ஆக்ஸில் கைகளில் டயர் உரசாது, நல்லதுதான். ஆனால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு பம்பரில் முட்டும். சேற்றையும் கதவு முழுக்க அள்ளி அடிக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். ஸ்டாக் (கம்பெனி கொடுத்த) சஸ்பென்ஷனில் 6 அங்குலம், 0 ஆஃப்செட் பக்கம் இருப்பதுதான் நல்ல சமரசம். ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டு வெளியே தள்ளும் வேலை வேண்டவே வேண்டாம்.

எதை இழக்கிறீர்கள்

ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொடுப்பது 134 நியூட்டன் மீட்டர் சொச்சம், அதுவும் 4,000 ஆர்பிஎம்மில். வண்டி 1,200 கிலோவை ஒட்டி இருக்கிறது. 235/75 மாட்டினால் விட்டம் 5.8 சதவீதம் கூடுகிறது, எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டு போன மாதிரி ஆகிவிடும். மேட்டில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தது இனி முதல் கியர் கேட்கும். நான்கு கியர் ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் தெரியும், நாலுக்கும் மூன்றுக்கும் மாறி மாறித் தவிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் வித்தியாசம் தெரியும். 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் தாழ்ந்த கியர்) போட்டால் கியர் இரண்டு மடங்கு இறங்கிவிடுவதால் காட்டுப் பாதையில் பிரச்சினை இல்லை, தார் ரோட்டு மேட்டில்தான் கஷ்டம். 215/75ல் இந்த வித்தியாசம் 1.5 சதவீதம். ஓட்டும்போது தெரியவே தெரியாது.

எடையையும் பாருங்கள். கம்பெனி ரோட்டு டயருக்கும் ஏ/டி டயருக்கும் மாடலைப் பொறுத்து மூன்று கிலோவும் வித்தியாசம் வரலாம், ஆறு கிலோவும் வரலாம். கடையில் எடை பார்க்கச் சொன்னால் பார்ப்பார்கள், தயங்காமல் கேளுங்கள். சுற்றுகிற எடை கூடினால் ஆக்ஸிலரேஷனும் பிரேக்கும் இரண்டுமே மந்தமாகும். பிரேக்கில் இன்னொரு இழப்பும் உண்டு. டயர் ஆரம் கூடியதால் அதே அளவு பெடலை அழுத்தினாலும் தரையில் கிடைக்கும் பிடி குறையும். அதனால் பெரிய டயர் மாட்டும் அன்றே பிரேக் பேடைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பாதி தேய்ந்த பேடோடு பெரிய டயரை மலையிலிருந்து இறக்கக் கூடாது.

எந்த டயர்

எம்/டி (மட் டெரெய்ன், சேற்றுக்கான) டயர் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது ஏ/டி அளவுக்கு நிற்காது, 80ல் போனால் காதில் ஒரே இரைச்சல். வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டி, மாதம் ஒருமுறை மண்ணில் இறங்குகிற வண்டிக்கு ஏ/டிதான் பொருத்தம். யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி, சியட் சார் ஏ/டி, அப்பல்லோ ஆப்டெர்ரா, எம்ஆர்எஃப் வாண்டரர் எனக் கடையில் எது கிடைத்தாலும் சரி, சைடு வாலில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். கம்பெனி டயரில் 96எஸ் என்று இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், எஸ் என்றால் 180 கி.மீ. வேகம் வரைக்கும். புது டயரில் இந்த எண் 96க்குக் கீழே இருக்கவே கூடாது. 100 என்றால் 800 கிலோ. எல்டி என்று ஆரம்பிக்கிற அளவு லாரி, பிக்கப் ரகம், சைடு வால் ரொம்ப கெட்டி. ஜிம்னி மாதிரி எடை குறைந்த வண்டியில் அது கட்டையாகக் குதிக்கும். கல் நிறைந்த பாதையே கதி என்று இருப்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு சாதாரண ரகமே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு வந்தது. 2020 தாரில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என இரண்டு அளவுகள் கம்பெனியிலிருந்தே வந்தன, அதனால் தார்க்காரர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது எடுத்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஜிம்னியில் ஜீட்டா, ஆல்ஃபா இரண்டுக்கும் 195/80 மட்டும்தான். வீல் ஆர்ச்சைத் தாண்டி டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் முதலில் கண்ணில் படும், பிடிப்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாரண்டி இன்னும் ஓடுகிறது என்றால் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி டயர், ரிம் ஐந்தையும் விற்காமல் வைத்திருப்பது நல்லது.

வாங்கும் முன் அளப்பது

டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடியுங்கள். முன் டயரின் தோள்பட்டைக்கும், அதாவது பட்டன் முடிந்து சைடு வால் தொடங்கும் விளிம்புக்கும், பம்பரின் கீழ் மூலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளங்கள். பிறகு டயருக்குப் பின்னால் லைனர் (ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) வரைக்கும், மட் ஃபிளாப் வரைக்கும், உள்பக்கம் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நீளமான கை வரைக்கும். வலது பக்கம் ஒடித்து இதையே மறுபடியும். இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்காது, அதனால் ஒரு பக்கம் அளந்துவிட்டு நிறுத்த வேண்டாம். 215/75க்கு ஆரத்தில் 5 மி.மீ., அகலத்தில் பக்கத்துக்கு 10 மி.மீ. தேவை. 235/75க்கு ஆரத்தில் 20, அகலத்தில் பக்கத்துக்கு 20. இதற்கு மேல் குறைந்தது 10 மி.மீ. சும்மா இருக்க வேண்டும், ஏனென்றால் டயர் ஓடும்போது நசுங்கும், ஆக்ஸில் கைகளின் ரப்பர் புஷ்கள் கொஞ்சம் நெளியும், பட்டன் ஓரங்கள் சைடு வாலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் இரண்டு கம்பெனி டயர்கள் நிஜத்தில் சில மில்லிமீட்டர் வேறுபடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கரிசல் பூமியில் ஓட்டுகிறவர்கள் இந்த 10ஐ இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் மழைக்கு அப்புறம் வயல் பாதையில் இறங்கினால் கரிசல் மண் பட்டனில் அப்பிக்கொண்டு டயரே ஒரு சுற்று பெரிதாகிவிடும். காய்ந்த தரையில் உரசாத டயர் அங்கே லைனரைச் சுரண்டிப் பிய்த்துவிடும்.

கடையில்

டயரை இறக்கியதும் சைடு வாலில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தும் ஒரே காலத்தில் வந்ததாக இருந்தால் நல்லது. ஐந்து என்று சொல்வது ஸ்டெப்னியையும் சேர்த்து, அதைப் பற்றிக் கீழே வருகிறேன். சைடு வாலில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்லுங்கள், அது டயரின் லேசான இடம், பேலன்சிங்குக்கு எடை குறைவாகத் தேவைப்படும். ஒரு சக்கரத்துக்கு நிறைய எடை ஒட்டினால் நிறுத்தச் சொல்லி, டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், செய்வார்கள்.

நட்டைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். நியூமேட்டிக் கன்னை வைத்து ஒரேயடியாக அடிக்க விடக் கூடாது. வண்டி தரையில் இறங்கியதும் டார்க் ரெஞ்சில், ஓனர் மேனுவலில் உள்ள அளவுக்கு, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வடிவில் முறுக்க வேண்டும். புது ரிம் என்றால் அதன் நட் இருக்கை கம்பெனி நட்டோடு பொருந்துகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைன்மெண்ட் செய்யும்போது ஒரு விஷயம். முழு ஆக்ஸில் வண்டியில் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் மாற்ற முடியும். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் அளவு), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் அளவு) இரண்டும் ஆக்ஸிலோடு வருபவை, ஸ்டாக் வண்டியில் திருகி மாற்ற எதுவும் இல்லை. கேம்பர் கரெக்‌ஷன் என்று தனியாகப் பில் போட்டால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

உரசுகிறதா என்று பார்ப்பது

இதுதான் வேலையின் மையம். கடை வாசலில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்து உரசவில்லை என்று கிளம்பிவிடுவது போதாது. நின்ற இடத்தில் உரசாத டயர், சஸ்பென்ஷன் அமுங்கும்போது உரசும்.

ஒரு சாக்பீஸை எடுத்து நான்கு டயர்களின் தோள்பட்டையிலும், உள்பக்கமும் வெளிப்பக்கமும், தடிமனாகப் பூசிவிடுங்கள். கலர் சாக்பீஸ் என்றால் கறுப்பு லைனரில் இன்னும் பளிச்சென்று தெரியும். முதலில் சமதரையில் இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து மெதுவாக முன்னால் போய், அதே ஒடிப்பில் ரிவர்ஸ் வாருங்கள். ரிவர்ஸில் டயர் தன் புஷ்களை எதிர்ப்பக்கம் இழுக்கும், அதனால் முன்னால் போகும்போது தொடாத இடத்தைத் தொடும். அப்புறம் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்துப் பாருங்கள், மூக்கு கீழே இறங்கும்போது பம்பர் மூலை டயரை நெருங்கும்.

அடுத்து குறுக்காகத் தூக்கிப் பார்ப்பது. ஓர் அடி உயரமுள்ள உறுதியான மேடோ கல்லோ தேடி, முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் ஒரே நேரத்தில் மேலே ஏற்றுங்கள். முழு ஆக்ஸில் என்பதால் ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே இறங்கும், டயர் நேராக மேலே போகாமல் சாய்ந்து, அதன் மேல் ஓரம் உள்ளே நுழையும். நேராக நிற்கும்போது அளந்த அளவெல்லாம் இங்கே செல்லாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒடிக்க, இன்னொருவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது, கையை ஆர்ச்சுக்குள் விடக் கூடாது, வண்டி எப்போது வேண்டுமானாலும் சரியலாம். இதை மறு குறுக்கிலும் செய்யுங்கள். முடிந்தால் நான்கு பேரை உள்ளே உட்காரவைத்து, பின்னால் சாமானும் ஏற்றிச் செய்யுங்கள். முன்னால் இரும்பு பம்பரும் விஞ்ச்சும் (வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) போட்டிருந்தால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், கம்பெனி இடைவெளி அங்கே கிடையாது.

இறங்கி வந்து லைனரைப் பாருங்கள். சாக்பீஸ் ஒட்டியிருக்கும் இடம் எல்லாம் உரசல். லேசான கீற்றாக இருந்தால் அமுங்கும்போது தொட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். விரல் அகலத்துக்குப் பட்டையாக அழுத்தித் தேய்ந்திருந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. இரும்பில், பிரேக் ஹோஸில், ஏபிஎஸ் ஒயரில் ஒரு துளி சாக்பீஸ் பட்டிருந்தாலும் அந்த டயர் அந்த ரிம்மோடு ஆகாது. இதில் சமரசமே கிடையாது.

215/75ல் பெரும்பாலும் எதுவும் தொடாது, தொட்டால் முன் மட் ஃபிளாப்பாக இருக்கும். அதைக் கழற்றி ஓட்டையை நீளமாக்கிப் பின்னால் தள்ளி மாட்டினால் சரி. 235/75ல் மூன்று இடங்களைப் பார்க்கலாம்: பம்பரின் பின் கீழ் மூலை, ஆர்ச்சின் பின்பக்க லைனர், உள்ளே ஆக்ஸில் கை. லைனரை ஹீட் கன்னால் சூடாக்கி, மெத்தென்று ஆனதும் கையுறை போட்ட கையால் பின்னால் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். வெட்டுவதற்கு முன் எப்போதும் இதைத்தான் முதலில் முயற்சி செய்ய வேண்டும். பம்பர் மூலையை வெட்டத்தான் வேண்டும் என்றால் டேப் ஒட்டிக் கோடு போட்டு, வேண்டியதை விடக் குறைவாக வெட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒன்று போல வர வேண்டும் என்பதற்காக ஒரே அட்டையை வைத்து வரைந்துகொள்ளலாம். ஆக்ஸில் கையில் உரசினால் வெட்ட எதுவும் இல்லை. ஆஃப்செட் குறைந்த ரிம் போட வேண்டும், அல்லது தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஸ்டீயரிங் ஒடிவதைச் சில டிகிரி குறைக்க வேண்டும். இப்போதே ஜிம்னியின் திரும்பும் ஆரம் 5.7 மீட்டர், குறைத்தால் குறுகிய வளைவில் ஒருமுறை ரிவர்ஸ் போட்டுத் திருப்ப வேண்டி வரும். ஸ்பிரிங் அமுங்காமல் இருக்க ஸ்பிரிங்குக்குள் ரப்பர் கட்டை வைக்கும் வேலை சில இடங்களில் நடக்கிறது. உரசல் நின்றுவிடும், சஸ்பென்ஷனும் சேர்ந்து நின்றுவிடும். வேண்டாம்.

ஸ்டீயரிங் உதறல்

முழு முன் ஆக்ஸில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் இது உண்டு. 60, 70 வேகத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் ஸ்டீயரிங் படபடவென்று இரண்டு பக்கமும் உதறும். பெரிய டயர் இதைப் புதிதாக உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் தளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கிறது. பேலன்சிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சரி என்றால் கிங்பின் பேரிங், ஆக்ஸிலைக் குறுக்காகப் பிடித்திருக்கும் ராடின் புஷ், டை ராட் முனைகள், கடைசியாக ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்). டேம்பரை மட்டும் புதிதாகப் போட்டால் உதறல் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், பேரிங் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். உதறல் வந்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு வேகம் குறைய விடுங்கள்.

ஸ்டெப்னி

நான்கு டயர் மட்டும் மாற்றிவிட்டு பழைய 195ஐப் பின்கதவில் விடுவது கெடுதல். ஜிம்னியில் 4ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண கியர்) போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன, அந்த இரண்டுக்கும் நடுவில் தனி டிஃப்ரன்ஷியல் கிடையாது. நான்கில் ஒன்று விட்டத்தில் சிறியதாக இருந்தால் அந்த வித்தியாசம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்டிலும் முறுக்காக ஏறும். காட்டுக்குள் டயர் கிழிந்தால் அப்போதுதான் 4 வீல் தேவைப்படும், அப்போது போட முடியாது. அதனால் ஐந்தும் ஒரே அளவு. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுற்றி மாற்றுங்கள், ஐந்தும் ஒன்றாகத் தேயும். 235 என்றால் கதவைத் திறந்து மூடும்போது கீழே பம்பரில் இடிக்கிறதா, கதவு கீல் தொங்குகிறதா, ஸ்டெப்னி ஆடுகிறதா என்று பாருங்கள். கதவை ஒரு கையால் தூக்கிப் பார்த்தால் கீலில் தளர்ச்சி இருப்பது தெரிந்துவிடும்.

மீட்டர் விஷயம் சின்னது. 235/75 மாட்டியிருந்தால் அதே சக்கரச் சுற்றுக்கு வண்டி 5.8 சதவீதம் கூடுதலாக நகரும். முன்பு காட்டிய அதே எண்ணில் இப்போது கொஞ்சம் வேகமாகப் போகிறீர்கள். போனில் ஜிபிஎஸ் வேகத்தை ஒருமுறை ஒப்பிட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டரும் குறைவாகத்தான் ஏறும். 10,000 என்று காட்டும்போது நிஜத்தில் 10,580க்கு மேல் ஓடியிருக்கும். ஆயிலை அதற்கேற்பச் சீக்கிரமே மாற்றுங்கள். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்பும் முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள், விழுந்ததில் ஒரு பகுதி மீட்டரில்தான் இருக்கும்.

காற்று

டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் சாக்பீஸை மறுபடி எடுத்து, பட்டன் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு தடித்த கோடு போட்டு, நேரான ரோட்டில் ஐம்பது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு, சமமாக அழிந்தால் அதுதான் உங்கள் டயருக்கு உங்கள் ரிம்மில் சரியான அளவு. 2 பிஎஸ்ஐ கூட்டியோ குறைத்தோ மறுபடி பாருங்கள். டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் செய்ய வேண்டும்.

மண்ணில் இறங்கும்போது காற்றைக் குறைப்பதில்தான் பெரிய டயரின் முழுப் பலன் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மாதிரியான செம்மணலில், போக அனுமதி உள்ள இடங்களில், 15 முதல் 18 பிஎஸ்ஐ. டயர் நீளவாக்கில் பரவி மணல் மேல் மிதந்து போகும், அதே டயர் 30ல் தோண்டிக்கொண்டு உட்காரும். கல் பாதையில் 20 பக்கம் வைத்தால் போதும், அதற்குக் கீழே சைடு வால் வெளியே பிதுங்கிக் கல்லில் கிழியும். சாதாரண ரிம்மில் 15க்குக் கீழே போக வேண்டாம், சட்டென்று ஸ்டீயரிங் ஒடித்தால் டயர் கழன்றுவிடும். தார் ரோடு ஏறும் முன் காற்று ஏற்றியாக வேண்டும், அதனால் 12 வோல்ட் கம்ப்ரஸரும் நல்ல கேஜும் இல்லாமல் காற்றைக் குறைக்காதீர்கள்.

மாட்டிய பிறகு முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள், புது ரிம் என்றால் மறுபடி ஒருமுறை. முதல் தடவை மண்ணில் இறங்கி வந்ததும் வண்டியைக் கழுவும்போது ஆர்ச்சுக்குள் நன்றாகத் தண்ணீர் அடித்து, லைனரில் புதிதாகப் பளபளவென்று தேய்ந்த இடம் இருக்கிறதா, பிரேக் ஹோஸில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அடுத்த முறை இறங்கும் முன் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இடைவெளி உண்டாக்குங்கள்.